மூன்று மழை பார்த்த கூரை: எங்கள் பாஸ் நானாவின் வேலை

மேசன் வேலையைப் பற்றி வேலை முடிந்த அன்றே எழுதக்கூடாது. அன்றைக்கு எந்தக் கூரையும் வடிவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுக் கூரையை மாற்றியது 2024 பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும். அதற்குப் பிறகு அந்த வருட மே மழை வந்தது, ஒக்டோபரில் கொழும்பு, கம்பஹா பக்கமெல்லாம் வெள்ளம் வந்தது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. டித்வா நாட்களில் களனி ஆறு ஏறி, நாகலகம் வீதி அளவுகோலில் எவ்வளவு நிற்கிறது என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மூன்றிலும் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பாஸின் பெயரையும் நம்பரையும் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தங்கச்சி, இருக்கிற வேலையே முடிக்க ஏலாம இருக்கு" என்றார். வயது அறுபதுக்குக் கிட்ட. மட்டக்குளியில் இருந்து வருவார். மேசன்மாரை இங்கே பாஸ் என்போம். முஸ்லிம் ஆள், அதனால் அண்ணன் என்கிற மாதிரி நானா சேர்த்து, பாஸ் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆளைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வேலை செய்த விதத்தைச் சொன்னால், உங்கள் பக்கத்தில் இருக்கும் பாஸ்மாரை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். அரையை ஏன் குறைத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கிராண்ட்பாஸ் பக்கம். வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரு இலக்கத்தின் கீழ் நூறு இருநூறு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் இடம். அலுவலகக் கடிதங்களில் இதற்குக் குறைவசதிக் குடியிருப்பு என்று பெயர். நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கெடுத்தபோது கொழும்பில் இப்படி 1,499 இடங்கள், 68,812 குடும்பங்கள் என்று வந்தது. அதில் ஒன்று நாங்கள்.

வீடு சரியாக இரண்டு பேர்ச். முன்பக்கம் 18 அடி, உள்ளே 30 அடி. இந்த இரண்டு பேர்ச்சுக்கு ஒரு கதை உண்டு, மாமி அடிக்கடி சொல்வார். பிரேமதாச பிரதமராக இருந்தபோது தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984 முதல் 1989 வரை நடந்தது. அப்போது இந்த இடத்தில் பலகை, தகரம், தார் பீப்பாயை வெட்டி விரித்த தகடு, இவைதான் வீடு. சட்டப்படி ஒரு வீட்டுக் காணி குறைந்தது 6 பேர்ச் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் வெளியே போயிருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் அதை 2 பேர்ச்சாகக் குறைத்தார்கள். அளக்க வந்தவர்களோடு தோட்டத்துப் பெண்களும் நின்று, கட்டை அடித்து, நூல் பிடித்து, ஒழுங்கை எங்கே, பைப் எங்கே என்று பேசி முடிவு செய்தார்களாம். மாமி ஒரு நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது என் வீட்டுக்காரர் கைக்குழந்தை. 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அறிவித்ததும், அந்த யோசனையை அங்கே வைத்ததே எங்கள் நாடு என்பதும் மாமிக்கு இன்றைக்கும் பெருமை.

அந்த நூலுக்குள்தான் வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. முதலில் பலகை, பிறகு ஒரு பக்கம் சீமெந்துக் கல், 90களில் பின் அறைக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. முன் அறை மட்டும் தகரத்தோடேயே நின்றுவிட்டது. நான் கல்யாணம் முடித்து வந்தபோது அப்படித்தான் இருந்தது.

முன் அறையில்தான் என் தையல் மெஷின். பகல் பதினொரு மணிக்குப் பிறகு தகரத்தின் கீழே இருந்து பாருங்கள், தலையில் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி இருக்கும். 2024 பெப்ரவரியில், வேலை தொடங்குவதற்கு முதல், மகள் ஒரு சுவர் வெப்பமானியை மெஷினுக்கு மேலே தொங்கவிட்டாள். பகல் ஒரு மணிக்கு 38 பாகை. மழை வந்தால் வேறு கரைச்சல். ஆணி துளைகளால் துரு கலந்த தண்ணீர் சொட்டும். ஒரு தடவை வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணச் சட்டைத் துணியில் விழுந்து கறை பிடித்துவிட்டது. 4,500 ரூபா கொடுத்து வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். காசை விட, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வந்த வெட்கம்தான் பெரிது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது முழுக்க மாமியின் கட்டிலில், கால் பக்கத்தில் ஒரு பேசினை வைத்துக்கொண்டு.

பாஸ் நானாவுக்கு முதல் வேறொரு மேசன் வந்தார். 60,000 முற்பணம் வாங்கினார். தகரத்தின் மேல் தார் பூசி, துணி ஒட்டி, மூன்றாம் நாள் போனார், பிறகு வரவில்லை. அந்தத் தார் அடுத்த வெயிலில் உருகி வழிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

பாஸ் நானா முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் காலையில் வரச் சொன்னேன், அவர் பகல் ஒரு மணிக்குத்தான் வருவேன் என்றார். வெயில் உச்சியில் இருக்கும்போது வீட்டைப் பார்க்க வேண்டுமாம். வந்ததும் அளவு நாடாவை எடுக்கவில்லை. ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் இருந்தார். யார் எங்கே படுக்கிறீர்கள், மெஷின் எந்தப் பக்கம், உடுப்பு எங்கே காயப்போடுகிறீர்கள், மாமி இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், டொய்லட்டுக்குப் போகும் வழியில் வெளிச்சம் உண்டா, சமைக்கும்போது புகை எந்தப் பக்கம் போகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது, என் வீட்டைப் பற்றி நானே அதுவரை யோசிக்காத நாலைந்து விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. மாமி இருட்டில் டொய்லட்டுக்கு நடக்கும் வழியில்தான் மெஷினின் வயர் கிடந்தது. பத்து வருடமாக அப்படிக் கிடந்திருக்கிறது.

நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதலாவது டைல்ஸ். இரண்டாவது மேலே ஒரு அறை. அவர் இரண்டையும் வெட்டினார். மேல் அறைக்கு, "இது நாலு இஞ்சிக் கல்லு சுவர் தங்கச்சி, தூணும் இல்ல, அத்திவாரமும் தெரியாது. மேல பாரம் ஏத்தினா பிள்ளைகள் தலையில விழும்" என்றார். வேறு யாரும் போட்டுத் தருவார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். போட்டுத் தருவார்கள், ஆனால் நான் போட மாட்டேன் என்றார். டைல்ஸ் கடைசி வேலை. முதலில் மேலே இருந்து வரும் தண்ணீரும் வெக்கையும், அடுத்தது கீழே இருந்து வரும் தண்ணீர், அப்புறம் காற்று, அப்புறம் கரண்ட், மிச்சம் காசு இருந்தால் அழகு. இந்த வரிசையை அவர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, ஏனென்றால் டைல்ஸ் போட்ட வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கனவு. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் கோபத்தில் நான் வேறு ஆளைத் தேடிப் போகாதது பெரிய புண்ணியம்.

பொருள் வாங்கப் பழைய சோனகத் தெருவுக்கு அவரும் வந்தார். ஹார்ட்வெயார் கடைகளில் பெண்கள் தனியாகப் போய்க் கேட்டால் ஒரு விலை, பாஸோடு போனால் வேறு விலை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விலையை விடவும் தடிப்பில்தான் அவர் கண் இருந்தது. கூரைக்குப் போடும் அமானோ தகட்டைத் திருப்பி, உள்பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்துக் காட்டினார். 0.47 மில்லிமீட்டர் கேட்டோம், முதல் கடையில் எடுத்து வைத்ததில் 0.35 என்று இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லிய தகட்டில் ஏறி ஒரு தரம் நடந்தால் போதும், நெளிந்து, ஸ்க்ரூ அடித்த இடம் விரிந்து, ஒழுகத் தொடங்கும் என்றார். மூன்றாவது கடையில் வாங்கினோம்.

பின் அறை அஸ்பெஸ்டஸைக் கழற்றியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. சுத்தியலால் அடித்து உடைத்து இறக்குவார்கள், பிள்ளைகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூரையில் சும்மா இருக்கும்போது அவ்வளவு பயமில்லை. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளைக்கும்போதும் பறக்கும் தூசிதான் ஆபத்து. பாஸ் நானா எங்கள் எல்லோரையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானும் உதவியாள் பையனும் மாஸ்க் போட்டுக்கொண்டு, தகடுகளை முதலில் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியை வெட்டி, ஒன்றும் உடையாமல் இறக்கினார். பொலித்தீனில் சுற்றிக் கட்டி லொறியில் ஏற்றினார். ஒழுங்கையில் ஒருவர் கோழிக்கூட்டுக்கு இரண்டு தகடு கேட்டார். கொடுக்கவில்லை. அந்த ஆள் கோபித்துக்கொண்டார், இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

2024க்குள் அஸ்பெஸ்டஸ் கூரையை முற்றாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் ஒரு காலத்தில் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி எங்கள் தேயிலையை நிறுத்தியது. எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் முக்கியமான நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலை திரும்ப ஏறியது. என் அம்மா பொகவந்தலாவையில் கொழுந்து பறித்தவர். அவர் பறித்த கொழுந்துக்கும் நான் படுத்த அறையின் கூரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதை வாசித்த நாளில் இரவு நித்திரை வரவில்லை. அப்போதுதான் கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

புதுக் கூரை போட்ட விதம் இதுதான். பின்பக்கச் சுவரை இரண்டு வரி கல் உயர்த்தினார், அதாவது பதினாறு இஞ்சி. அதன் மேல் கம்பி வைத்து மெல்லிய கொன்கிறீட் பட்டி ஒன்று சுற்றிவர ஓட்டினார், சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள. உயர்த்தியதால் கூரைக்கு நல்ல சாய்வு கிடைத்தது. உயர்ந்த பக்கத்தில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் நீளமாக ஒரு இடைவெளி விட்டு, எலி வராமல் வலை அடித்தார். சூடான காற்று மேலே போகும், போன காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும், அவ்வளவுதான் என்றார். தகட்டின் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம். அதைத் தகட்டோடு ஒட்டி இறுக்கக்கூடாது, இடையில் இரண்டு இஞ்சியாவது வெறும் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு வீண் என்று சொல்லி, ஜிஐ பார்களுக்குக் கீழே தனிச் சட்டம் அடித்துப் போட்டார். ஸ்க்ரூ எல்லாம் தகட்டின் மேட்டில், ஒன்றுகூடப் பள்ளத்தில் இல்லை. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், அங்கே துளை போட்டால் ரப்பர் வாசர் தேயும் நாளில் ஒழுகும். இது சின்ன விஷயம்தான், ஆனால் எங்கள் பழைய தகரத்தில் பாதி ஆணி பள்ளத்தில்தான் இருந்தது.

முன்னால் பீலி போட்டார். டெங்கு காலத்தில் பீலியில் தண்ணீர் நின்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எழுதிவிட்டுப் போவார், எனக்கு அந்தப் பயம் இருந்தது. பீலியைச் சாய்வாக வைத்து, கீழே வாயைத் திறந்தே விட்டு, நான் ஒரு ஸ்டூலில் ஏறிக் கையால் துடைக்கும் உயரத்தில் வைத்தார். மாதம் ஒரு தரம் துடைக்கிறேன்.

வேலை முடிந்து ஒரு கிழமையில் மகள் அதே வெப்பமானியை அதே ஆணியில் தொங்கவிட்டாள். மார்ச் மாத வெயில், பகல் ஒரு மணி. 33. ஐந்து பாகை என்று எழுதும்போது ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும். எனக்கு அது ஒரு நாளைக்கு இரண்டு சட்டை கூடத் தைக்க முடிகிற அளவு. முன்பெல்லாம் பதினொன்று முதல் மூன்று மணி வரை மெஷினைத் தொட மாட்டேன்.

கூரை வேலை முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் அவர் கீழ்த் தண்ணீர் விஷயத்தை எடுத்தார். எங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் போகும் கானில், அதாவது வடிகாலில், தண்ணீர் ஓடாது, நிற்கும். பெரிய மழைக்கு அது வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும். நான் வாசற்படியை உயர்த்தச் சொன்னேன். அவர் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய வெள்ளைக் குழாயை எடுத்து, ஒரு நுனியை என் கையில் தந்து, மற்ற நுனியோடு ஒழுங்கையின் கடைசிவரை நடந்தார். நாலு வீடு தள்ளி கானின் அடி எங்கள் வாசலுக்கு முன்னால் இருப்பதை விட ஒன்றரை இஞ்சி உயரமாக இருந்தது. யாரோ எப்போதோ தங்கள் வீட்டுக்கு முன்னால் சீமெந்து கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். "நீங்க படியை உசத்தினா தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். அவங்க உசத்தினா அடுத்த வீட்டுக்கு. எத்தனை பேர் உசத்துவீங்க?" என்று கேட்டார்.

அன்று இரவு அவரே ஐந்து வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு, அந்தக் குழாயைப் பிடித்துக் காட்டினார். வாயால் சொன்னால் சண்டை வந்திருக்கும். குழாயில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கண்ணால் பார்த்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. உயர்த்திய வீட்டு அக்கா முதலில் முறுகினார். பிறகு, தன் வீட்டுப் பின்பக்கம் ஈரம் ஊறுவதும் இதனால்தான் என்று விளங்கியதும் அவரே முன்னுக்கு வந்தார். வீட்டுக்கு 18,000, மொத்தம் 90,000. கானை உடைத்து, எட்டு அடிக்கு ஒரு இஞ்சி சாய்வு வைத்து, மூடி போட்டு, மூன்று இடத்தில் திறந்து துப்புரவாக்கும் வாய் விட்டார். ஐந்து வீட்டு ஆண்களும் இரண்டு ஞாயிறு மண் அள்ளினார்கள்.

மாமி இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இது புதிதில்லை என்றார். 80களின் கடைசியில் தோட்டத்துச் சபைகளுக்கே சின்னச் சின்னக் கொந்தராத்து கொடுத்து, கான், பைப், பொது டொய்லட் எல்லாம் கட்டுவித்தார்களாம். வெளியே இருந்து வரும் கொந்தராத்துக்காரன் கட்டிவிட்டுப் போய்விடுவான், தோட்டத்து ஆள் கட்டினால் நாளைக்கும் அதே தண்ணீரில் நடக்க வேண்டும், அதனால் ஒழுங்காகக் கட்டுவான். 1989இல் பெண்கள் வங்கி தொடங்கிய காலத்தில் மாமியும் ஒரு குழுவில் இருந்தார். அந்தச் சேமிப்புப் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்தக் கான்தான், கூரையைக் காட்டிலும். டித்வா மழையில் ஒழுங்கை முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று மூட்டை முடிச்சு கட்டி வைத்திருந்தோம். தண்ணீர் வந்தது, ஓடியது. வாசற்படிக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது. அணைக்கு வெளியே ஆற்றுப் பக்கம் இருந்தவர்கள் அந்த நாட்களில் வீட்டையே விட்டு வெளியேறினார்கள். எங்கள் பக்கம் அணை காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாப் பெருமையும் பாஸுக்கு இல்லை.

டொய்லட் வேலை சுருக்கமாக. கொழும்பின் மலக்குழாய்கள் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் போட்டவை. வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போய் முடிகின்றன. எங்கள் ஒழுங்கைக் குழாயும் அதில்தான் சேர்கிறது. பெரிய மழையில் அது நிரம்பித் திரும்பி வருவதுதான் எங்கள் எல்லோரின் பயம். அவர் டொய்லட் தரையை ஆறு இஞ்சி உயர்த்தி, வாசனை போகக் கூரைக்கு மேலே வரை ஒரு குழாய் ஏற்றினார். மாமி பிடித்து எழும்பச் சுவரில் ஒரு கம்பி வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கரண்டுக்கு அவர் கை வைக்கவில்லை, லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூட்டி வந்து ட்ரிப் சுவிட்ச் போடுவித்தார்.

இனிக் குறைகள். வேலை பத்து நாள் என்று சொன்னார், பதினேழு நாள் வேலை, அதுவும் நடுவில் ஆறு நாள் வரவேயில்லை. வேறொரு இடத்தில் ஒப்புக்கொண்ட கொன்கிறீட் வேலைக்குப் போய்விட்டார். கூரையில் பாதிக்குத் தார்ப்பாய் கட்டியிருந்த நேரம் அது. நல்லகாலம் மழை வரவில்லை. வந்திருந்தால் நான் இந்த எழுத்தை எழுதியிருக்க மாட்டேன். முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு கிழமை தள்ளித் தொடங்கியிருப்போம். அடுத்தது, கணக்கு எழுத மாட்டார். எல்லாம் தலைக்குள். நான்தான் ஒரு கொப்பியில் நாளுக்கு நாள் எழுதி, இரவில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு ரூபா பிசகவில்லை, ஆனாலும் எழுதாத கணக்கு நல்ல மனிதர்களுக்கு நடுவிலும் மனக்கசப்பைக் கொண்டுவரும். மூன்றாவது, குசினியில் புகை போக வைத்த துவாரம் தாழ்ந்துவிட்டது. மீன் பொரித்தால் புகை முதலில் முன் அறைக்கு வந்துவிட்டுத்தான் வெளியே போகிறது. சொன்னேன், வந்து பார்த்தார், தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார். இன்னும் சரிசெய்யவில்லை. பெரிய மழைக்கு இந்தத் தகட்டில் சத்தம் வரும், போனில் கதைக்க முடியாது. அது தகட்டின் இயல்பு, அவரைக் குறை சொல்ல முடியாது.

செலவு. பொருளுக்கு 246,000. பாஸுக்கு ஒரு நாள் 4,500, பையனுக்கு 3,000, பதினேழு நாளைக்கு 127,500. மொத்தம் 373,500 ரூபா, கானுக்குக் கொடுத்த 18,000 தனி, சாப்பாடும் தேத்தண்ணியும் நாங்கள். 20 பேர் சேர்ந்த 10,000 ரூபா சீட்டில் இரண்டாவது கையை எனக்குத் தந்தார்கள், அது 200,000. அந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்தவர் மீன் விற்கும் ஒரு அக்கா, அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மிச்சத்துக்கு வளையல் அடகுக்குப் போனது. பாஸ் நானா முற்பணம் கேட்கவில்லை. பொருளை நாங்களே வாங்கினோம், கூலியைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொடுத்தோம். உங்களிடம் ஒரு பாஸ் பாதிக் காசை முதல் நாளே கேட்டால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு காசை இந்த இரண்டு பேர்ச்சில் ஏன் போட்டீர்கள், தொடர்மாடிக்குப் போயிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2001இல் பொரளையில் 14 மாடி, 671 வீடுகளோடு சஹஸ்புர வந்ததில் இருந்து இந்தக் கேள்வி எங்கள் தோட்டத்தில் உண்டு. என் மச்சாளின் குடும்பம் 2016இல் ஒரு தொடர்மாடிக்குப் போனது, பதினோராம் மாடி. நியாயமாகச் சொல்கிறேன், அவளுக்கு வீட்டுக்குள்ளேயே டொய்லட், தண்ணீர், வெள்ளப் பயமில்லை, காற்று நன்றாக வருகிறது. கானின் நாற்றத்தில் பிள்ளை வளர்த்தவளுக்கு அது பெரிய விஷயம், அதை யாரும் சின்னதாகப் பேசக்கூடாது. ஆனால் தோட்டத்தில் இருக்கும்போது அவள் காலையில் வாசலில் இடியப்பம் விற்றாள், ஒரு நாளைக்கு நானூறு. பதினோராம் மாடியில் வாசல் என்று ஒன்று இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, லிஃப்ட் நின்று, அவள் மாமனாரை நாலு பேர் கதிரையில் வைத்துக் கீழே இறக்கினார்கள். கேஸ் இல்லாத அந்த மாதங்களில் நாங்கள் வாசலில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம், அவளுக்கு அடுப்பு மூட்ட இடமில்லை. இரண்டு தடவை அவளுக்கும் சேர்த்து நான் சோறு கட்டிக் கொடுத்தேன்.

போகிறவர்கள் போகட்டும், இருக்க விரும்புகிறவர்களுக்கும் இருக்கும் இடத்திலேயே நல்ல கூரையும் ஓடுகிற கானும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அரசாங்கம் எங்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவதை விட, இப்படிப்பட்ட ஒரு பாஸையும், சாய்வு பார்க்கத் தெரிந்த ஒரு ஆளையும், வட்டி குறைந்த ஒரு கடனையும் தோட்டத்துக்கு அனுப்பினால் எத்தனையோ வீடு திருந்தும். மாமி காலத்தில் அது நடந்திருக்கிறது, நான் கற்பனையில் சொல்லவில்லை.

பாஸ் நானா இப்போது எங்கள் ஒழுங்கையிலேயே நாலாவது வீட்டில் வேலை செய்கிறார். கானை உயர்த்தியிருந்த அந்த அக்காவின் வீடுதான். போன கிழமை அவரைப் பிடித்து, குசினித் துவாரத்தை ஞாபகப்படுத்தினேன். அந்த வேலை முடிந்ததும் ஒரு அரை நாள் தருவதாகச் சொன்னார். அப்படியே டைல்ஸையும் கேட்டேன். தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்து, "இப்ப போடலாம்" என்றார். வளையலை மீட்டதும் தொடங்குவோம்.